அம்மன் குளத்து ஒற்றைக்கண்ணன்

சூளை, சென்னை
22-4-1935

தாட்சாயிணிக்கு, பரந்தாமன் எழுதுவது.

நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இன்றும் சோறு அடிப்பிடித்தது. வீட்டுக்காரம்மா எப்போது வருவார்கள் என்று பக்கத்துக் குடித்தனக்காரர்கள் கேட்கிறார்கள். வருஷப் பிறப்புக்குத் தாய் வீடு போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வருவாயா என்பது எனக்கே தெரியவில்லை.

வருஷப் பிறப்பன்று உங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. மாமா கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். கணுக்காலில் நரம்புச் சிலந்தி தலை நீட்டியிருக்கிறது. அந்த வெள்ளைப் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறீர்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. இது உங்கள் அம்மன் குளத்துத் தண்ணீரால் வந்தது, போன வருஷம் குடித்த தண்ணீர்தான் இன்று காலில் வந்து நிற்கிறது என்று சொன்னேன். சொன்ன நேரம் தப்புதான். பந்தியில் உறவுக்காரர்கள் எல்லாரும் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக மாமா சொன்னது சரியா?

"எங்க ஆத்தா கொளத்துல புழு கீதுன்னு சொன்ன வாயாலயே அந்தத் தண்ணிய ஒரு சொம்பு குடி. குடிச்சிட்டு பொண்ண இட்டுகினு போ."

வடிகட்டிக் கொடுங்கள், குடிக்கிறேன் என்றேன். ஆத்தாள் தண்ணீரை வடிகட்டுவதாவது என்று அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. இதையெல்லாம்கூட மறந்துவிடுவேன். அந்தச் சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது நீ. அதைத்தான் மறக்க முடியவில்லை.

மருத்துவக் கல்லூரியில் மைக்ராஸ்கோப்பின் மேல் கேமராவைப் பொருத்திப் படம் எடுக்கிறவன் நான். நாள் முழுதும் பார்க்கிறதைப் பார்க்கவில்லை என்று எப்படிக் குடிப்பேன்? சோடா பாட்டிலில் எடுத்து வந்த குளத்துத் தண்ணீரை நேற்று படம் பிடித்தேன். வெறும் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிற ஒரு பூச்சி. பெரிதாக்கினால் தலையில் ஒரே ஒரு கண், வாலின் இரண்டு பக்கமும் முட்டைப் பை. சிலந்தி வந்தவர்கள் காலைக் குளத்தில் வைக்கும்போது புழு குஞ்சுகளை விட்டுவிடுகிறது. குஞ்சுகளை இந்த ஒற்றைக்கண்ணன் தின்கிறது. ஒற்றைக்கண்ணனைத் தண்ணீரோடு நாம் விழுங்குகிறோம். ஒரு வருஷம் கழித்து அது காலில் புழுவாக வருகிறது. இரண்டாக மடித்த துணியில் வடிகட்டினாலே போதும், பூச்சி துணியில் தங்கிவிடும்.

ஜெர்மனி தேசத்தில் ஒரு பேராசிரியர், உடம்பை ஊடுருவும் கதிரைக் கண்டுபிடித்து, தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்பும், விரலில் போட்டிருந்த மோதிரமும் தெரிந்தன. உடம்பை அறுக்காமலே உள்ளே பார்க்கலாம் என்று உலகத்து வைத்தியர்கள் அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் நம்பினார்கள். உங்கள் ஊர்க் கரையான்சாவடியும் நம்பும். நீ முதலில் நம்பு.

பரந்தாமன்

கரையான்சாவடி
27-4-1935

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் பெயரைக் கவரின் மேல் எழுதப் போனேன். அம்மா பார்த்துவிட்டு, புருஷன் பெயரை எழுதினால் அவர் ஆயுசு குறையும் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். பூந்தமல்லி போஸ்டாபீசில் கொடுத்து எழுதி வாங்கினேன். உங்கள் ஆயுசில் எனக்கு இன்னும் அக்கறை உண்டு என்பது தெரியட்டும் என்று சொல்கிறேன்.

சொம்பை நான் ஏன் கொண்டுவந்து வைத்தேன் என்று யோசித்தீர்களா? நைனா தாமே எழுந்து வந்து வைக்கப் பார்த்தார். எழுந்திருந்தால் குச்சியில் சுற்றிய சிலந்தி அறுந்து போயிருக்கும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். போன வருஷம் எங்கள் தெருத் துலுக்கானத்தின் அண்ணன் அப்படித்தான் அறுவடை முழுக்கப் படுக்கையில் கிடந்தான். அதனால் நான் முந்திக்கொண்டேன். இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் பிடிக்கச் சோடா பாட்டில் தேடி வீடெல்லாம் அலைந்தீர்கள். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கொஞ்ச நாளாக எனக்குச் சோறு வாசனையே ஆகவில்லை. மாங்காயைக் கண்டால் மட்டும் நாக்கு ஊறுகிறது. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த ஜெர்மன்காரருக்குப் படம் பிடிக்க மனைவியின் கைதான் கிடைத்ததா? அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு தாய் வீடு போனாளா என்று நீங்கள் எழுதவில்லை.

நைனாவின் கால் ஆறும்வரை நான் வருவதற்கில்லை. ஆறிய பிறகும் அந்தச் சொம்பு இருக்கிறது. குடித்தால்தான் பெண் என்று அவர் வேம்புலி பூசாரி முன்னால் கற்பூரம் அணைத்துச் சொல்லியிருக்கிறார்.

தாட்சாயிணி

சூளை
2-5-1935

தாட்சாயிணி,

சொம்பு விஷயத்தில் நான் நினைத்தது தப்பு. மன்னித்துக்கொள். மாங்காய் அதிகம் தின்னாதே, பல் கூசும். சோறு பிடிக்காததற்குக் கோடைச் சூடுதான் காரணமாக இருக்கும். நீர்மோர் குடி.

நல்ல சேதி ஒன்று. எங்கள் டாக்டர், படத்தைத் திரையில் பெரிதாக விழச் செய்கிற மாஜிக் லாந்தர் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒற்றைக்கண்ணனைக் கண்ணாடிச் சிலைடாக்கி, கெங்கையம்மன் ஜாத்திரையன்று சாயங்காலம் எல்லாருக்கும் காட்டப் போகிறேன். வேம்புலி பூசாரியிடம் கேட்டு இடம் வாங்கி வை.

படத்துக்கு இருக்கிற பலம் உனக்குத் தெரியாது. குதிரை ஓடும்போது நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விடுமா என்று பெரிய மனிதர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். ஒருவர் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்தார், நாலு காலும் அந்தரத்தில் இருந்தது, வாதம் தீர்ந்தது. அமெரிக்காவில் ஆலைகளில் வேலை செய்த சின்னக் குழந்தைகளை ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தார். அதுவரை கேள்விப்பட்டும் அசையாமல் இருந்தவர்கள், படத்தைப் பார்த்த பிறகு சட்டம் வேண்டும் என்று கேட்டார்களாம். ஆயிரம் பேர் வாயால் சொல்லி ஆகாததைப் படம் செய்துவிடுகிறது. போட்டோ பொய் சொல்லாது. இதையே அங்கும் சொல்லப் போகிறேன்.

பரந்தாமன்

கரையான்சாவடி
6-5-1935

என் வீட்டுக்காரருக்கு,

மாங்காய் தின்றால் பல் கூசும் என்று நீங்கள் எழுதியதைப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்ததில் அவளுக்குப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. புள்ளியளவு பூச்சிக்கு எத்தனை கண் என்று எண்ணுகிறவருக்கு இது தெரியவில்லையே என்று தெருவே பேசுகிறது.

புரியும்படி எழுதுகிறேன். மார்கழியில் நீங்கள் தகப்பனாகப் போகிறீர்கள்.

உங்கள் பேச்சை நம்பாமல் இல்லை. நைனாவின் பழைய வேட்டியை மடித்துக் குடத்தில் கட்டித் தண்ணீர் ஊற்றினேன். ஆத்தாள் தண்ணீரை ஆம்பிளை கட்டிய வேட்டியில் வடிகட்டுகிறாயா என்று அம்மா குடத்தையே கவிழ்த்துவிட்டாள். சாலையோரக் கிணற்றில் தண்ணீர் ஒரே உப்பு. யாரும் பார்க்காத நேரத்தில் என் முந்தானையில் வடிகட்டிக் குடித்து வருகிறேன். சொந்த வீட்டில் தண்ணீரைத் திருடிக் குடிக்கிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஜாத்திரைக்கு வாருங்கள். இடம் சொல்லியாகிவிட்டது.

தாட்சாயிணி

சூளை
8-5-1935

என் தாட்சாயிணி,

உன் கடிதத்தைக் கல்லூரியில் வைத்துப் படித்தேன். கையில் இருந்த போட்டோ பிளேட்டைக் கீழே போட்டு உடைத்தேன். டாக்டர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். பிளேட் போனால் போகிறது என்று அவரே கடைக்கு ஆள் அனுப்பி எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நான் முட்டாள் என்று கெங்கம்மாளிடம் நானே சொன்னதாகச் சொல்லிவிடு. மாங்காய் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னு.

முந்தானையை இரண்டாக மடி. ஒற்றையாகப் போதாது. வேறு எதுவும் எழுத வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன்.

பரந்தாமன்

கரையான்சாவடி
24-5-1935

என் வீட்டுக்காரருக்கு,

ஜாத்திரையன்று கோவில் சுவரில் கட்டிய வேட்டியில் ஒற்றைக்கண்ணன் வந்து நின்றதும் கூட்டமே எழுந்து ஓடப் பார்த்தது, அதை நீங்களும் பார்த்தீர்கள். வண்டி மாடு அளவுக்கு இருந்தான். போட்டோ பொய் சொல்லாது என்று நீங்கள் இரண்டு முறை சொன்னீர்கள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போய்விட்டீர்கள். உங்கள் பஸ் வேலப்பன்சாவடியைத் தாண்டியிருக்காது, இங்கே ஆண்கள் எல்லாரும் வலையோடு குளத்தில் இறங்கிவிட்டார்கள்.

ஆமாம், அதைப் பிடிக்கத்தான். துலுக்கானம் மீன் குத்துகிற ஈட்டியைத் தீட்டிக்கொண்டு வந்தான். வேண்டாம், அது வெறும் புள்ளியளவுதான் என்று நான் கரையிலிருந்து கத்தினேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"போட்டோ பொய் சொல்லாதுன்னு மாப்ளேதான சொன்னாரு? அம்மாம் பெரிசு கீறவன் வலையில மாட்டாம எங்க பூடுவான்?"

வலையில் மாட்டவில்லை என்றதும் இறைகூடை போட்டுக் குளத்தை இறைத்தார்கள். பெண்கள் பயந்துபோய் உப்புக் கிணற்றில் தண்ணீர் எடுத்தோம். கெங்கம்மாள் குழம்புக்கு உப்பு போடுவதையே நிறுத்திவிட்டாள். முழங்கால் தண்ணீர் ஆனதும் கெளுத்தியும் விராலும் கூடை கூடையாகக் கிடைத்தன. உடைந்த குடங்கள், ஒரு குடைக் கம்பி, யாருடையது என்றே தெரியாத ஒரு பித்தளைக் கரண்டி. ஒற்றைக்கண்ணன் மட்டும் இல்லை. ஊரே மீன் குழம்பு வைத்துக் கொண்டாடியது. நைனாவுக்குச் சிலந்தி முழுதாக வெளியே வந்துவிட்டது. அவரும் நொண்டிக்கொண்டே வந்து கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நைனா பேசியதும் சிரிப்பு நின்றுவிட்டது. எந்த ஊர்ப் பூதத்தையோ படம் பிடித்து வந்து நம் குளத்தில் இருக்கிறது என்று மாப்பிள்ளை காட்டிவிட்டார் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். உங்களைப் பொய்யர் என்று சொல்லி அவர்கள் சிரித்தபோது எனக்கு அழுகை வந்தது. இப்போது பெண்கள் பழையபடி குளத்துக்கே போகிறார்கள்.

உங்கள் படம் பொய் சொல்லவில்லை. அது எவ்வளவு சின்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் படத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பிரதியும், நல்ல பூதக்கண்ணாடி ஒன்றும் அனுப்புங்கள். எதற்கு என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது.

தாட்சாயிணி

சூளை
29-5-1935

தாட்சாயிணி,

நீ கேட்ட இரண்டையும் இதோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வைத்து விளையாடு. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நம்ப வைக்கப் போய் நானே பூதம் காட்டுகிறவனாகிவிட்டேன்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்தத் தண்ணீரை ஒரு சொம்பு குடித்தால் சிலந்தி நிச்சயம் வருமா என்று டாக்டரைக் கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். வந்தால் வரட்டும். ஒரு வருஷம் கழித்துக் கொஞ்ச நாள் குச்சியில் சுற்றிக்கொண்டு கிடக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியை அங்கே விட்டுவிட்டு இங்கே தினம் பயந்து சாவதைவிட அது மேல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, மாமா முன்னால் அப்படியே குடித்துவிட்டு உன்னை அழைத்து வருகிறேன்.

பரந்தாமன்

கரையான்சாவடி
31-5-1935

என் வீட்டுக்காரருக்கு,

வராதீர்கள். குடிக்காதீர்கள். நீங்கள் அப்படியே குடித்தால் நான் உங்களோடு வர மாட்டேன், சத்தியம்.

நான் வந்துவிடுவேன் சரி. அம்மா? கெங்கம்மாள்? அவளுக்கு இரண்டு வருஷமாகக் காலில் மாறி மாறி வருகிறது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களே குடித்துவிட்டால் அப்புறம் இந்த ஊரில் எவர் நம்புவார்கள்? எனக்காகப் பொய் சொல்கிற புருஷன் எனக்கு வேண்டாம். பிடிவாதக்காரரைத்தான் கட்டிக்கொண்டேன், அவரே இருக்கட்டும்.

பார்சல் வந்தது. எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

தாட்சாயிணி

கரையான்சாவடி
19-7-1935

என் வீட்டுக்காரருக்கு,

இத்தனை நாள் ஒன்றிரண்டு வரி மட்டும் எழுதி உங்களைத் தவிக்கவிட்டேன். இன்று நிறைய எழுதப் போகிறேன்.

ஆனி மழையில் குளத்தில் மறுபடி தண்ணீர் ஏறிவிட்டது. எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியாது. ஆடி பிறந்ததும் பழைய சேலைகளை இறக்கி அம்மனுக்குப் புதுசு சாத்துவார்கள். இறக்கிய மஞ்சள் சேலைகளை வேம்புலி பூசாரி வீட்டுக்கு ஒரு துண்டாகக் கிழித்துக் கொடுப்பார். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பெரிய துண்டு, இடுப்பில் சுற்றிக்கொள்ள. எனக்கும் நேற்று முன்தினம் கொடுத்தார். நல்ல நூல் சேலை. வீட்டுக்கு வந்ததும் அதை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை ஊற்றினேன். அம்மா சத்தம் போட வந்தாள். என்ன துணி என்று பார்த்தாள். ஆத்தாளின் தண்ணீரை ஆத்தாளின் சேலையில் வடிகட்டக் கூடாது என்று எப்படிச் சொல்வாள்? வாயை மூடிக்கொண்டாள்.

மஞ்சள் துணியின் மேல் வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. கெங்கம்மாளைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். உங்கள் படத்தைத் துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். வாலின் பக்கம் முட்டைப் பை, தலையில் புள்ளியாய் ஒரு கண். அவள் கண்ணாடியில் ஒரு தரம், படத்தில் ஒரு தரம் என்று மாறி மாறிப் பார்த்தாள்.

"அய்ய, இத்துனூண்டு இதுக்கா ஆம்பளைங்க வலைய எத்துகினு போனாங்கோ?"

அப்புறம் தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சேலைத் துண்டை எடுத்து வந்து தன் குடத்தில் கட்டித் தானே பார்த்தாள். படம் கைக்குக் கை மாறியதில் ஓரமெல்லாம் மஞ்சள். பெண்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வேம்புலி பூசாரியும் வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் எல்லாம் போயிற்று.

"ஆத்தாளே தன் சேலையில புடிச்சிக் குடுக்கறா. இனி ஊட்டுக்கு ஊடு கட்டுங்க."

கடைசியாக நைனா பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தம் கணுக்காலின் வடுவைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் குளத்தங்கரைக்குப் போய், சிலந்தி வந்தவர்கள் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, அவர்களுக்கு மற்றவர்கள் மொண்டு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். துலுக்கானம் அதைக் கண்காணிக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். ஈட்டிக்கு இப்போது ஒரு உபயோகம் கிடைத்திருக்கிறது.

அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிறு வாருங்கள். உங்களுக்காகச் சொம்பு காத்திருக்கிறது. இந்தத் தடவையும் நான்தான் கொண்டுவந்து வைப்பேன்.

தாட்சாயிணி

சூளை
6-8-1935

என் தாட்சாயிணி,

அந்தத் தண்ணீர் தித்தித்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மாமா சொம்பை உன் கையிலிருந்து வாங்கித் தாம் பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார், பார்த்தாயல்லவா? துணி கட்டிய குடத்திலிருந்து எடுத்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பஸ் ஏற்றிவிட வந்தவர் தனியாக என்னிடம் சொன்னதை உனக்கு எழுதுகிறேன்.

"சித்திரை வரட்டும் மாப்ளே. ஒருத்தன் காலுலயும் வரலைன்னா உன் போட்டோ மெய்."

நான் அவசரமாகத் திருத்தினேன். இந்தக் கோடையில் குடித்த தண்ணீருக்கு வருகிற சித்திரையில் சிலருக்கு வரத்தான் செய்யும், அதற்கு அடுத்த சித்திரையில் பாருங்கள் என்றேன். தப்பிக்க வழி தேடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தோளில் தட்டிச் சிரித்தார். அவர் தட்டியது இன்னும் வலிக்கிறது, சுகமாக வலிக்கிறது.

மார்கழிக்குப் பிறகு உன்னையும் குழந்தையையும் தாமே வண்டி கட்டிக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். இப்போதே வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன்.

பரந்தாமன்

கரையான்சாவடி
4-5-1937

என் வீட்டுக்காரருக்கு,

நானும் வரலட்சுமியும் சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். உங்கள் மகள் பஸ்ஸில் யார் மடியிலும் உட்காரவில்லை. நடக்கக் கற்றதிலிருந்து அவளுக்குத் தரைதான் வேண்டும்.

போன சித்திரையில் நீங்கள் சொன்னபடியே சிலருக்கு வந்தது. அப்போது நைனா, மாப்பிள்ளை முன்னாலேயே சொல்லியிருக்கிறார் என்று எல்லாரிடமும் உங்களுக்காகச் சண்டை போட்டதை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறும் என்று. இந்தச் சித்திரையைக் கேளுங்கள். நைனா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். திண்ணையில் காலை வை என்று சொல்லி, ஆண், பெண், பிள்ளை, ஒருவர் விடாமல் முழங்காலிலிருந்து பாதம் வரை பார்த்தார். புதுசாகக் கல்யாணமாகி வந்த மருமகள்களையும் அவர் விடவில்லை, அம்மாவைக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொன்னார். பார்த்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. வந்து அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒருவர் காலிலும் இல்லை. கெங்கம்மாள் காலிலும் இல்லை. வேம்புலி பூசாரி கோவில் மணியை அடித்துவிட்டார். எதற்கு என்று தெரியாமலே எல்லாரும் வந்து கும்பிட்டோம்.

இப்போது ஊருக்கு ஒரு ஆசை. உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். எல்லாரும் குளத்தங்கரையில் வரிசையாக நிற்கப் போகிறார்கள். முகம் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். நைனா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மூஞ்சி இன்னாத்துக்கு? கால எடுக்கச் சொல்லு."

தாட்சாயிணி

சூளை
17-5-1937

என் தாட்சாயிணி,

பிளேட் நன்றாக வந்திருக்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணைக்கூட இவ்வளவு அக்கறையாக நான் எடுத்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிய கால்கள், கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்த கால்கள், துலுக்கானத்தின் கால் பக்கத்தில் ஈட்டியின் அடிக்கட்டை. மாமாவின் காலைப் பழைய வடுவை வைத்துக் கண்டுபிடித்தேன். கொலுசு போட்ட இடது கால் உன்னுடையது, எனக்குத் தெரியாதா? அத்தனை கால்களுக்கும் நடுவில், யாரையும் பிடிக்காமல் நிற்கிற இரண்டு சின்னக் கால்கள் கொஞ்சம் கலங்கியிருக்கின்றன. அசையாதே என்று நான் எத்தனை சொல்லியும் அவள் கேட்கவில்லை. அந்தக் கலங்கலைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

இன்று காலை டாக்டரிடம் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்போதும்போல் ஏதோ வியாதிப் படம் என்று நினைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, லென்ஸை வைத்து ஒவ்வொரு காலாகத் தேடினார். இரண்டு ஓரத்துக்கும் போய்த் திரும்பி வந்தார். பிறகு நிமிர்ந்து, இதில் என்ன தெரிகிறது பரந்தாமா என்று கேட்டார்.

"ஒன்றுமே இல்லை சார்," என்றேன்.

கரையான்சாவடிக் குளத்தங்கரை என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். அவர், ஒற்றைக்கண்ணன் படம் மாட்டியிருக்கிற சுவரில், அதற்குப் பக்கத்தில், தம் கையாலேயே ஆணி அடித்து அதை மாட்டினார்.

பரந்தாமன்